உங்கட படமெல்லாம் எங்களிட்ட இருக்கு

"டீச்சரோ? உங்கட படமெல்லாம் எங்களிட்ட இருக்கு. நாளைக்குப் பரந்தன் சந்திக்கு வந்து இந்த நம்பருக்கு ஒருக்கா எடுங்கோ."

ஆண் குரல். பேர் சொல்லவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் 'படம் எடுத்திட்டாங்கள்' என்றால் கல்யாண வீட்டை யாரும் நினைப்பதில்லை, புலனாய்வுக்காரரைத்தான் நினைப்பார்கள். இரண்டு கிழமைக்கு முன்னர், போரில் இறந்தவர்களுக்கான மே மாத அஞ்சலியில், காணாமல் போன அண்ணாவின் படத்தை நெஞ்சில் அணைத்தபடி நின்றேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் எங்களை வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டு போனான். அவன்தான், வேறு யார்?

இடப்பெயர்வுகளில் எல்லாம் தொலைந்து மிஞ்சியது அந்த ஒரே படம். அது வீட்டில் அகப்படாவிட்டால், 'அங்கே நின்றது நானில்லை, என்னைப் போல வேறொருத்தி' என்று சாதித்துவிடலாம். பயந்தவளின் மூளை இவ்வளவுதான். விடிந்ததும் குசினி அடுப்பில் அதை வைத்து எரித்தேன். கைபேசியில் இருந்த பிரதியையும் அழித்தேன். அழக்கூட இல்லை. பஸ்ஸைத் தவறவிடக் கூடாதே என்ற பதற்றம்தான் இருந்தது.

சந்தியில் இறங்கி அந்த இலக்கத்தை அழுத்தினேன். எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் தொலைபேசி அடித்தது. கடைக்காரர் கையசைத்துக் கூப்பிட்டு, நீல நிறக் கோப்பு ஒன்றை நீட்டினார்.

"முந்தநாள் பஸ்ஸுக்கு இருக்கேக்க கதிரையில விட்டிட்டுப் போட்டியள். உள்ள நம்பர் கிடந்தது."

பாடசாலை அலுமாரியில் இருக்கிறதென்று நான் நம்பியிருந்த கோப்பு. சித்திர வகுப்புக்காகப் பல வருடங்களாகச் சேர்த்த படங்கள்: செக்கச் சிவந்த உதட்டோடு கலண்டர் லட்சுமி, பத்துக் கோட்டில் ஒரு பெண்ணின் கோபத்தைக் காட்டிய வாரப்பத்திரிகை ஓவியர், நானூறு வருடங்களுக்கு முன்னர் இருட்டுக்குள் தன் கிழட்டு முகத்தையே வரைந்த ஐரோப்பியர், யப்பானியர் ஒருவர் வரைந்த பேரலை.

"எல்லாம் பாத்தனான், குறை நினைக்காதேங்கோ" என்றார் அவர். "இந்தக் கிழவரைத்தான் எனக்குப் பிடிச்சது. கிளினிக்கில நம்பருக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி. அலையை மட்டும் மற்றப் பக்கம் திருப்பி வச்சிட்டன். நான் முல்லைத்தீவு, சுனாமி கண்ட ஆள்."

"ஓம்" என்றேன்.

"ஒண்டும் குறையேல்ல, பாருங்கோ."

திரும்பும் பஸ்ஸில் கோப்பின் பின்னட்டையில் அண்ணாவை வரைய முயன்றேன். அந்த ஐரோப்பியக் கிழவரின் ஒவ்வொரு சுருக்கமும் எனக்கு மனப்பாடம். அண்ணாவுக்கு நெற்றி வந்தது, காது வந்தது. வாய் வரவேயில்லை. மூன்று தடவை அழித்தேன். பக்கத்தில் இருந்தவர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அப்போதுதான் அழுதேன்.

அண்ணாவின் முகம் இனி அந்த மோட்டார் சைக்கிள்காரனிடம் மட்டும்தான் இருக்கிறது. இப்போதும் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் அவனாக இருக்குமோ என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எடுக்கிறேன்.