மெத்தைக்காரியின் ஜூடோ சங்கம்

நாடு முழுக்க அறுபத்திரண்டு கிளைகள் உள்ள ஒரு ஜூடோ சங்கத்தைத் தொடங்கியவள் மெத்தை தைக்கிறவள் என்று சொன்னால், தேசிய ஜூடோ கூட்டமைப்பில் இருக்கிறவர்கள் இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நடந்தது அதுதான்.

ஆரம்பித்து வைத்ததே அவர்கள்தான். கூட்டமைப்பு தன் மண்டபத்துக்கு நாற்பது தரைமெத்தைகள் கேட்டது. கித்தான் துணியில் பஞ்சுக்கழிவை இறுக்கி அடைத்து, கோணி ஊசியால் விரல் தேயத் தேயத் தைத்துக் கொடுத்தாள். கனம் அரை அங்குலம் குறைகிறதாம். நாற்பதும் திரும்பி வந்துவிட்டன. பட்டறையில் கால் வைக்க இடமில்லை. பக்கத்துப் பணிமனையில் பஸ்ஸுக்கு பிரேக் மாட்டும் ஃபிட்டர் எட்டிப் பார்த்தார். ராணுவத்தில் ஜூடோ கற்றவர்.

"இவ்வளவும் வீணாப் போகணுமா? விரிங்க, விழக் கத்துத் தரேன்."

அவளும் தையல் வேலைக்கு வந்த எட்டுப் பெண்களும் சிரித்துக்கொண்டே விரித்தார்கள். முதல் மாதம் முழுக்க விழுந்ததுதான் மிச்சம். ஆனால் யாரும் நின்றுவிடவில்லை. பேச்சு பரவியது. சலவைக்கூடம், பள்ளிக்கூட சைக்கிள் கொட்டகை என்று கிடைத்த இடத்திலெல்லாம் கிளை முளைத்தது. 'மெத்தைச் சங்கம்' என்று கேலி செய்தார்கள். அதையே பலகையில் எழுதி மாட்டினாள்.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. தேர்ச்சிக்கு அடையாளமான பெல்ட் கேட்டு வருகிறவர், சோதிப்பவரை முதலில் தூக்கிப் போட வேண்டும். சோதிப்பவர் விழுந்து எழுந்த பிறகுதான் சோதனை. இருபது வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு மெத்தைக்காரி பெல்ட் கட்டினாள். அத்தனை தடவை விழுந்துமிருந்தாள். இடது தோள் சொன்னபடி கேட்காமல் போய்ப் பல நாளாகிறது.

அந்தப் பெல்ட்டுகள் ஒன்றும் செல்லாது என்றது கூட்டமைப்பு. அவளுடைய ஒரே மகளுக்கு அப்போது இருபது வயது. நடை பழகியதே அந்த மெத்தைகளில்தான். இளையோர் தேசியப் போட்டிக்குப் போக அவளுக்கு அதுவே கடைசி வருடம். அங்கீகாரமில்லாத சங்கத்துப் பெண்ணுக்கு இடம் கிடையாது. அங்கீகாரம் வேண்டுமானால் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: 'எங்கள் பெல்ட்டுகள் தகுதியில்லாதவர்களால் கொடுக்கப்பட்டவை, அவற்றை ரத்து செய்கிறோம்.'

"போட்டுடும்மா, வெறும் பேப்பர்தானே," என்று கூட்டமைப்புக்குப் போகிற பஸ்ஸிலேயே சொன்னாள் மகள். பெற்ற மனசு, போட்டுவிடுவதென்றுதான் தாயும் போனாள்.

கூட்டமைப்பு அறையில் மூன்று பேர். மூவரின் கறுப்பு பெல்ட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கின. தலைவர் காகிதத்தை நகர்த்தினார்.

"மெத்தை நல்லாத் தைக்கிறீங்களாமே. அதையே பாருங்கம்மா. பெல்ட் கட்டுறதத் தெரிஞ்சவங்க பாத்துக்குவாங்க."

திறந்த பேனாவை அவள் மூடினாள்.

"சரி சார். தெரிஞ்சவங்க யாருன்னு இப்பவே பாத்துடலாம். மண்டபம் பக்கத்துலதான் இருக்கு. மூணு பேர்ல யாராவது வாங்க. எம் பொண்ணு ஒரு தடவ தூக்கிப் போடட்டும். விழுந்து எழுந்து வந்தீங்கன்னா போட்டுடறேன் கையெழுத்த."

ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். இன்னொருவர், "எனக்கு கௌரவத்துக்குக் குடுத்த பெல்ட்மா," என்று முணுமுணுத்தார். தலைவருக்குத் திடீரென்று இடுப்புப் பிடிப்பு ஞாபகம் வந்தது.

"அப்ப விழத் தெரிஞ்சவங்க பெல்ட்ட நீங்க அவுக்காதீங்க," என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்தாள்.

படியிறங்கும்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டிருந்தாலும் போட்டிருக்க மாட்டாள் என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்து அவளை அறுத்தன.

மூன்று நாள் மகள் பட்டறைப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் வந்தாள். நேராகத் தாயின் காலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டாள். தாய் எழுந்தாள், மகள் மறுபடி போட்டாள். மூன்றாம் தடவை பிடித்தவள், தூக்காமல் காலரை விட்டாள்.

"எனக்கு ஆடணும்மா."

"தெரியும்டி."

"அப்ப அவங்க போட்டி நடக்கற அன்னைக்கே நாம ஒண்ணு நடத்தணும். அறுபத்திரண்டு கிளைக்கும் இன்னைக்கே எழுது."

அந்த வருடம் நாட்டில் இரண்டு தேசியப் போட்டிகள் நடந்தன. கண்ணாடிச் சட்டக்காரர்களிடம் நூறு பேர் ஆடினார்கள். மெத்தைச் சங்கத்தில் நானூறு பேர். இறுதிச் சுற்றில் மகள் தோற்றாள். ஜெயித்தவள் மீன் ஆலையில் பெட்டி அடுக்குகிற பெண். அவள் இடுப்பில் இருந்ததும் மெத்தைக்காரி கட்டிவிட்ட பெல்ட்தான். எந்தப் பக்கம் கை தட்டுவதென்று தெரியாமல் நின்ற தாயிடம் மகள் மூச்சு வாங்க வந்தாள்.

"சரியான ஆளுக்குத்தான் கட்டியிருக்க," என்றாள்.