கெட்டிச் சாயம்

இன்று கார்பாலிக் சோப்பின் உறையைப் பிரித்தேன். அந்த வாசனையில் கண் தானாக மூடிக்கொண்டது. அறுபதுகளின் ஒரு காலை. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் அப்பாவின் கையைப் பிடித்தபடி நிற்கிறேன்.

அம்மாவின் சளியைத் தடவிய கண்ணாடித் துண்டில் சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைக் காட்டினார் லேப்காரர். இதே கார்பாலிக் வாசனையோடு ஆவி மெல்ல எழுந்தது. பிறகு ஆசிட்டால் கழுவி, நீலம் ஊற்றினார்.

அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். எந்த நிறத்தையும், சாயம் போகிறதா என்று ஈர வேட்டி முனையில் தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டார்.

லேப்காரர் அவரையும் நுண்ணோக்கியில் பார்க்கவிட்டார். நீலத்துக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள்.

"ஆசிட் ஊத்தியும் போவலியேபா! இன்னா கெட்டிச் சாயம்!" என்று அப்பா பூரித்துப்போனார்.

"சாயத்த விடாம புடிச்சிக்கினு இருக்குதே, அதாங்க டிபி கிருமி."

அப்பா வேட்டி முனையைக் கசக்கிக்கொண்டே நின்றார்.

ஊசியும் மாத்திரையுமாய் ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அதே அறையில் அப்பா மறுபடி குனிந்து பார்த்தார். வெறும் நீலம். வாசலில் காத்திருந்த அம்மாவிடம் ஓடினார்.

"செவப்புச் சாயம் ஒட்டவேயில்லமே! சுத்தமா போயிடுச்சு!"

சாயம் ஒட்டாததற்காக அப்பா சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.