பூஜையில் இடம் மறுக்கப்பட்ட ரோமாபுரி

இந்த ஆண்டு ஆயுத பூஜையன்று நான் பாடவில்லை. காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்திற்குக் குடிவந்தது முதல் அன்றைய பூஜையில் பதிகம் பாடுவது என் பொறுப்பு. இம்முறை தொண்டைவரை வந்த பாட்டை நானே விழுங்கினேன். ஐந்து புத்தகங்களுக்காக.

ஆவடியில் கவச வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். அந்த இரும்பு வெளியே போய் மனிதரை என்ன செய்யும் என்ற கேள்விதான் என்னை ரோமானியரின் போர்களிடம் கொண்டு சேர்த்தது. காலையில் பதிகம், மாலையில் ரோமாபுரி. இரண்டும் எனக்குள் ஒருநாளும் மோதிக்கொண்டதில்லை.

கோடையில், எதிர்வீட்டில் இருக்கும், மென்பொருள் வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: “தாத்தா, ரோமன் வார்ஸ் பத்திப் படிக்கணும். எங்க ஆரம்பிக்கிறது?”

“சக்கரவர்த்திகிட்ட ஆரம்பிக்காதேம்மா. சிப்பாயோட காலணியில ஆரம்பி” என்றேன்.

சாதாரண வீரன் எதைச் சுமந்தான், எதை உண்டான், எப்படிச் சாலை போட்டான் என்று சொல்லும் நூலை முதலில் கொடுத்தேன். அடுத்தது, ரோமப் படை சமவெளியில் வளைக்கப்பட்டு அழிந்த கதை. வெற்றியை மட்டும் படிப்பவனுக்குப் போர் விளங்காது. பிறகு, ரோமாபுரியின் பகை நகரமான கார்த்தேஜ் எரிந்த கதை. பிறகு அடிமைகளின் கிளர்ச்சி. கடைசியாக, போருக்குப் போன உழவன் திரும்பியபோது அவன் நிலம் வேறொருவன் கையில் இருந்ததைச் சொல்லும் நூல். வயல்கள் கைமாறி அடுக்ககங்களாகிப்போன செம்பரம்பாக்கம் பக்கத்து மனிதர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அவள் படித்து முடித்ததும் மற்றவர்களும் கேட்டார்கள். என் சொந்தப் பிரதிகளையே அடுக்ககத்தின் படிப்பறைக்குக் கொடுத்துவிட்டேன்.

பூஜையன்று படிப்பறைப் புத்தகங்கள் எல்லாம் கலைமகள் படத்தின்முன் அடுக்கப்பட்டிருந்தன. அந்த ஐந்தைக் காணவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கேட்டேன். அவர் இவ்வூரின் பழைய விவசாயக் குடும்பத்தவர்.

“அதுவா சார், மோட்டார் ரூமாண்ட பெட்டியில போட்டு வெச்சிகிறேன். அட்டையிலயே பொணம் கெடக்குது. உள்ள மாட்டை வெட்டிப் பலி குடுக்கிற படம் வேற. சரஸ்வதி முன்னாடி அது இன்னாத்துக்கு? தீட்டு சார்.”

“தண்ணி மோட்டாருக்குச் சந்தனம் பூசியிருக்கு. காவல்காரர் தடிக்குக்கூடப் பொட்டு வெச்சிருக்கீங்க.”

“அது ஆயுதம் சார். ஆயுத பூஜையாச்சே!”

“ஆயுதத்துக்குப் பொட்டு. அது என்ன செய்யும்னு சொல்ற புஸ்தகத்துக்குத் தீட்டா?”

எதிர்வீட்டுப் பெண் குறுக்கிட்டாள். “அங்கிள், டயர்ல எலுமிச்சம்பழத்தை நசுக்குறப்போ பயமில்ல, புக்கைப் பார்த்தா பயமா?” சிலர் சிரித்தார்கள்.

செயலாளர் என் தோளைத் தொட்டார். “டென்சன் ஆவாதீங்க சார். நீங்க சாமிப் பாட்டு பாட்ற மன்சன். உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வெட்டுக்குத்து?”

அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. முப்புரம் எரிந்ததையும், யானையின் தோல் உரிக்கப்பட்டதையும், மலைக்கடியில் நசுங்கிய அரக்கன் அலறியதையும் இதே இடத்தில் நான் எத்தனை ஆண்டுகள் பாடியிருக்கிறேன்! தாளம் தட்டிய இவர்கள் ஒரு சொல்லையும் செவியில் வாங்கியதே இல்லை. இனிய ஓசையாகக் கேட்டுவிட்டு, சுண்டலுக்குக் கை நீட்டியிருக்கிறார்கள்.

“சரி சார், பேப்பர்ல அட்டை போட்டு வெச்சிக்கலாம். படம் தெரியாது” என்றார் அவர்.

“கலைமகள் கண்ணையும் கட்டிவிடுங்களேன்!” என் குரல் வெளிவாசல்வரை கேட்டிருக்கும். மோட்டார் அறைக்குச் சென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அடியில் ஈரம் ஏறியிருந்தது. பாட அழைத்தபோது, புத்தகங்களுக்கு இடமில்லாத சன்னிதியில் என் பாட்டுக்கும் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். கீழே கைப்பேசியிலிருந்து யாரோ ஒரு பாட்டை ஒலிக்கவிட்டார்கள். எவருக்கும் குறை தெரிந்ததாகத் தோன்றவில்லை.

மறுநாள் செயலாளர் அந்தப் பெண்ணிடம் சுண்டல் கொடுத்தனுப்பினார். பூஜைதான் முடிந்துவிட்டதே, புத்தகங்களை மறுபடி படிப்பறைக்குத் தரலாமே என்று சொல்லச் சொல்லியிருந்தார். பிரசாதத்தை மறுப்பது என் மரபன்று. இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கலைமகள்முன் வைக்கத் தகாததை மக்கள்முன் மட்டும் எப்படி வைப்பீர்கள் என்று அவரைக் கேட்கும்படி அவளிடம் சொன்னேன்.

புத்தகங்கள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன. படிக்க விரும்புபவர்கள் இங்கே வரட்டும்.