மூன்றாம் முடக்கில் தள்ளியவர்கள்

செய்தி குரல் பதிவாக வந்தது. காலை ஏழரை மணி, பேராதனைச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அனுப்பியவர் நிஸார் நானா. நான் முன்பு வேலை செய்த கார் ஷோரூமின் தலைமை மெக்கானிக், திகனயில் இருப்பவர். "தங்கச்சி, நம்மட தவமணி மௌத்தாப் போயிட்டா. விடிய நெஞ்சு வலிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே…" என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பாதையைக் கடந்து, தவமணி அக்காவின் ஊரான தெல்தோட்டைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றேன்.

மரண வீட்டில் அதற்குள் ஒரு கதை உருவாகியிருந்தது. "ஷோரூம் செவத்துல இருக்கிற பழைய படத்துல நிக்கிறது தவமணியோட தாத்தா. அதான் அந்தப் புள்ள அம்புட்டுச் சண்ட போட்டுச்சு" என்றார் ஒருவர். இன்னொருவர் தலையாட்டினார். மூன்றாமவர் தாத்தாவின் பெயரையே சொன்னார். மூவரிடமும் அதற்காக இல்லை என்றேன். துக்க வீட்டில் மறுத்துப் பேசுவது அழகில்லை என்று தெரியும். தவமணி அக்காவால் எழுந்து உட்கார முடிந்திருந்தால் முதலில் அதைத்தான் மறுத்திருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்ததைத் திருத்திக்கொள்வதற்காக.

*

ஷோரூம் கண்டியில், கட்டுகாஸ்தோட்டை போகும் பாதையில் இருக்கிறது. அங்கே விற்கும் காரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயத்தினால் இல்லை. அந்தப் பெயர் ஏற்கெனவே போதுமான இடங்களில், போதுமான அளவு பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது.

பல்கலைக்கழகம் முடித்து நான் பார்த்த முதல் வேலை அது. கம்பனியின் வரலாற்றைச் சொல்லும் ஆண்டுவிழாக் கையேட்டைத் தமிழில் எழுத வேண்டும். வழுவழுப்பான தாள். நிறுவியவரின் சிறிய பட்டறை, முதல் பந்தய வெற்றி, அந்தக் காரில் ஏறிய அரசர்கள். இலங்கைக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு படம். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் செங்குத்தான பாதை, அது வளைந்து திரும்பும் மூன்றாவது முடக்கு, பளபளக்கும் கறுப்புக் கார், உள்ளே தொப்பி போட்ட துரை. காருக்கு அருகில் வெறுங்காலுடன் ஐந்து தொழிலாளர்கள். மலைநாட்டில் இந்தக் காருக்கு இருக்கும் பெயர் முழுவதும் இந்தப் படத்திலிருந்து வந்தது. வேறு எந்தக் காரும் ஏறாத மேட்டை ஏறிய கார். அப்பா வைத்திருந்தார், நானும் வாங்குகிறேன் என்று வரும் வாடிக்கையாளர்கள் இந்தக் கதையையும் சேர்த்தே சொல்வார்கள். அதே படம் ஷோரூம் சுவரில் ஆளுயரத்துக்கு இருந்தது. அதன் அடியில் போட நான் எழுதிய தமிழ் வரி: "நிற்காமல் ஏறியது."

வரியை ஒட்டிய அன்று தவமணி அக்கா வந்து பக்கத்தில் நின்றார். காரைத் திருத்தக் கொண்டுவருபவர்களிடம் சாவி வாங்கும் வரவேற்பு மேசை அவருடையது. ஐம்பது தாண்டியவர். தெல்தோட்டையிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருபவர்.

"நீங்களா எழுதினீங்க?"

"ஆமா அக்கா."

"அந்த ரோட்டப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. கண்டியில் பிறந்து வளர்ந்தும் தெல்தோட்டைக்கு ஒருநாளும் போனதில்லை.

"அப்ப படத்தையாவது பாருங்க. பின் சக்கரத்து மட்காட்டுல."

பார்த்தேன். கறுப்புப் பளபளப்பின் மேல், சேற்றில் பதிந்த இரண்டு கைத்தடங்கள். ஒன்று பெரியது. ஒன்று சிறியது. ஐந்து ஆண்களின் கைகளிலும் முழங்கைவரை சேறு. சிறிய கைக்கு உரியவர் படத்தில் எங்கும் இல்லை. அந்தச் சுவரை நான் மூன்று மாதமாகத் தினமும் கடந்து போயிருந்தேன்.

"தள்ளி ஏத்தியிருக்காங்க, தங்கச்சி" என்றார்.

நிஸார் நானாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அந்தக் காலத்து டயருக்கு, ஈரத்துல, அந்த ஏத்தம் ஏலவே ஏலாது. இவ்வளவு வருஷமா இதுக்குக் கீழதான் தேத்தண்ணி குடிக்கிறேன். இந்தக் கைய நான் காணல்லயே" என்றார்.

*

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் அக்கா என்னை அந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். கல் பதித்த தோட்டப் பாதை. பாதிக் கற்கள் மழையோடு போயிருந்தன. இரண்டாம் முடக்கிலேயே நான் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டேன். முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திரும்பினார். "நிற்காமல் ஏறுங்க, தங்கச்சி." முகத்தில் சிரிப்பே இல்லை. பிறகு சிரித்தார், நான் ஏறி முடிக்கும்வரை.

மூன்றாம் முடக்கில் கம்பனி எப்போதோ நட்ட சிறிய சீமெந்துத் தூண் ஒன்று இருந்தது. மேலே காரின் சின்னம். ஒரு பெண் தன் கொழுந்துச் சாக்கை அதன்மேல் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "சாக்கு வைக்க நல்ல ஒசரம்" என்றார் அக்கா. "அதுக்காவது ஒதவுதே."

*

எல்லாக் காரையும் அவர் வண்டி என்றுதான் சொல்வார். சாவியை வாங்கிக்கொண்டு, "வண்டிக்கு என்ன செய்யுது?" என்பார், டிஸ்பென்சரியில் கேட்பதைப் போல. ஒருமுறை ஒரு நகைக்கடைக்காரர் பொறுக்க முடியாமல், "இது வண்டி இல்லம்மா" என்று காரின் முழுப் பெயரையும் சொன்னார். "சரிங்க ஐயா" என்றார் அக்கா, படிவத்தைப் பார்த்தபடியே. "சக்கரம் நாலும் இருக்குதானே?"

அந்தக் காரை அவர் மதிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். வாசலில் வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கத்துச் சக்கர பெயரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். நிஸார் நானா கழற்றிப் பார்த்துவிட்டு அதே பக்கத்துக்குப் புதியது மாட்டுவார். "நல்ல வண்டி. நல்லதுக்கு எதுக்குப் பொய்யி?" இதை அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

*

ஆண்டுவிழாவுக்காகச் சுவர்ப் படத்தை இன்னும் பெரிதாக அச்சிட்டார்கள். புதியதில் கைத்தடங்கள் இல்லை. "ஊத்தையைத் துடைச்சிருக்கு" என்றார் ஷோரூமை நடத்தும் எங்கள் முகாமையாளர். யாழ்ப்பாணத்துக்காரர், மென்மையாகப் பேசுபவர். அன்று மதியம் தவமணி அக்கா அவருடைய அறைக்கு வந்தார். கையேட்டின் பிரதியோடு நானும் அங்கே இருந்தேன்.

"சேர், படத்துக்குக் கீழ ஒரு வரி போடணும். தள்ளுனது தோட்டத்து ஆளுங்கன்னு."

"ஏன் இப்ப, தவமணி? இவ்வளவு காலமும் இருந்த படம்தானே."

"இவ்வளவு காலமும் கை இருந்துச்சு சேர். இப்ப அதுவும் இல்ல."

முகாமையாளர் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "உங்கட தாத்தா அந்தப் படத்தில நிக்கிறாரோ? அப்பிடியெண்டாச் சொல்லுங்கோ. கையேட்டில சின்னக் குறிப்பாப் போடலாம். சனத்துக்கும் பிடிக்கும்."

அக்கா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அவர் கேட்ட வரி அன்றைக்கே கிடைத்திருக்கும்.

"தெரியாது சேர்" என்றார். "எங்க ஆளு நின்னாத்தான் கேக்கணுமா?"

வரி கிடைக்கவில்லை. மரண வீட்டில் மூன்று பேரிடம் நான் இல்லை என்றது இதனால்தான். தாத்தாவைச் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒரு பேத்தியின் பாசமாகச் சுருங்கிவிடும். அவர் யாருக்கும் பேத்தியாக நின்று அந்த வரியைக் கேட்கவில்லை.

*

விழாவின் முக்கிய நிகழ்ச்சி: அதே பாதை, அதே முடக்கு, புதிய மாடல். வாடிக்கையாளர்களை முன்னதாகவே ஜீப்புகளில் மேலே ஏற்றி, கூடாரத்தின் கீழ் கதிரைகளில் இருத்தியிருந்தார்கள். படப்பிடிப்பாளரும் மேலே நின்றார். கார் ஏறி வருவதை முன்பக்கமாக எடுக்க வேண்டும். நிஸார் நானா ஓட்டினார். முகாமையாளரும் அக்காவும் நானும் முடக்கின் ஓரத்தில் நின்றோம். அக்கா கம்பனிச் சேலையில். கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் சிலரும் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வந்த ஆண்களும் வேடிக்கை பார்த்தார்கள். பத்து மணிக்கு மழை பிடித்தது. பத்தரைக்குக் கார் வந்தது. மூன்றாம் முடக்கில் பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்றன. சேறு பறந்தது. நின்றது.

நிஸார் நானா கண்ணாடியை இறக்கினார். "சேர், டயர் புடிக்குதில்ல. இது டவுன் டயர்."

இடுப்பில் சாக்குப் படங்கு கட்டியிருந்த ஒரு பெண் சத்தமாகக் கேட்டார். "என்னா தவமணி, இம்புட்டு வெல வண்டி நின்னுபோச்சு? காலையில எங்க வீட்டு ஆட்டோ ஏறிப் போச்சே." எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேச்சாயி.

முகாமையாளர் குடையோடு அவர்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் ஒருக்காப் பிடிச்சுத் தள்ளிவிடுங்கோ."

அக்கா செருப்பைக் கழற்றினார். "தள்ளுவோம் சேர். படக்காரரக் கீழ வரச் சொல்லுங்க. பின்னால நின்னு எடுக்கட்டும்."

"இதுக்கு இப்ப நேரமில்லை, தவமணி."

"வண்டி நிக்குது சேர். நேரம் இருக்கு."

மேலே கூடாரத்தில் காத்திருந்தார்கள். முகாமையாளர் படப்பிடிப்பாளருக்குப் போன் எடுத்தார். கெமரா நனைந்துவிடும், வரமாட்டேன் என்று பதில். அக்கா என்னைப் பார்த்தார். "ஒங்க போன் நனைஞ்சா பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.

பிறகு அவர் தள்ள வந்தவர்களிடம் பெயர் கேட்டார். முழுப் பெயர்.

"பேரு எதுக்கு?" என்றார் பேச்சாயி. "போன தடவ வீடு தாறோம்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. அந்த வீடு இன்னும் வந்துகிட்டே இருக்கு."

"இது வீட்டுக்கு இல்ல. படத்துக்குக் கீழ போட."

"வேற ஒண்ணும் தர மாட்டீங்களா?"

"மாட்டோம்."

"அப்ப நம்பலாம். எழுதிக்க."

நான்கு பேரும் அக்காவும் காரின் பின்னால் கைவைத்தார்கள். நான் சேற்றுக்குள் இறங்கிப் படம் எடுத்தேன். அக்கா கையை எடுக்காமல், கழுத்தை மட்டும் என் பக்கம் திருப்பி, பெயர்களை வரிசையாகச் சொன்னார், மழைச் சத்தத்துக்கு மேலாக. கார் நகர்ந்தது. முடக்கைத் தாண்டியது. மேலே கைதட்டும் சத்தம் கேட்டது. முகாமையாளர் கடைசிவரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

*

விளம்பரத்தில் முன்பக்கம் எடுத்த படம் வந்தது. "மீண்டும் நிற்காமல்" என்று தமிழில் எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. வேறு யாரோ எழுதினார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டேன். இதை வீரமாகச் சொல்லவில்லை. அம்மாவும் அப்பாவும் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் வீட்டிலிருந்து வந்தவள், விடுவது எனக்கு எளிது.

நான் எடுத்த படத்தை ஊழியர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். நான் விட்ட அடுத்த வாரமே அக்காவை வரவேற்பு மேசையிலிருந்து எடுத்து, பின்னாலிருக்கும் உதிரிப்பாகக் களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். வாடிக்கையாளர் யாரும் வராத இடம். நீங்களும் விட்டுவிடுங்கள் என்று போனில் சொன்னேன்.

"நான் எதுக்குப் போகணும்? அந்த வரிய எழுதினவங்க போகட்டும்." பிறகு, நினைவு வந்தவர் போல, "அட, நீங்க போயிட்டீங்கதானே. சரியாப்போச்சு."

களஞ்சியத்து இரும்பு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் அந்தப் படத்தை ஒட்டினார். அடியில் ஐந்து பெயர்கள், அவருடைய நேரான கையெழுத்தில். ஃபில்டர் எடுக்க வரும் ஒவ்வொரு மெக்கானிக்கும் அந்தக் கதவைத் திறந்தாக வேண்டும். மாதத்தின் முதல் திங்கட்கிழமைகளில், சுவர்ப் படத்துக்குக் கீழே அந்த ஒரு வரியைக் கேட்டு முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்தார். பதில் வந்ததில்லை. பிரதிகள் எல்லாம் அதே அலுமாரியில் இருக்கின்றன என்று நிஸார் நானா சொல்கிறார். கடைசியாகக் கொடுத்தது அக்கா இறந்த வாரத்தில்.

*

மரண வீட்டு வாசலில் கம்பனியின் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தார்கள். "எமது குடும்பத்தின் அன்பு உறுப்பினர்." நடுவில் அக்காவின் முகம். முகாமையாளர் வந்திருந்தார். கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. "நல்ல படம் ஒண்டும் கிடைக்கேல்ல" என்றார் என்னிடம். "பிறகு பார்த்தா, குறூப்பில இது கிடந்தது. சிரிச்ச முகம்."

நான் எடுத்த படம். கழுத்துக்குக் கீழே வெட்டியிருந்தார்கள். கைகள் இல்லை. கார் இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் இல்லை. மழையை எடுத்துவிட்டு நீலம் பூசியிருந்தார்கள்.

"சிரிக்கல சேர்" என்றேன். "பேச்சாயின்னு சொல்றாங்க."

இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்திருந்த பேச்சாயி நிமிர்ந்தார். "என்னாது?" என்றார். விளக்கிச் சொன்னேன். எழுந்துபோய்ப் பதாகையின் முன்னால் நின்று பார்த்தார். அந்தத் திறந்த வாயை வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "என்னையதான் கூப்புடுறா."

*

அவருடையது என்று என்னிடம் இருப்பது வெட்டப்படாத அந்தப் படம். இந்தக் கட்டுரையோடு அனுப்பியிருக்கிறேன். ஓரங்களைக் குறைக்க வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இடம் போதாவிட்டால் படத்தை விட்டுவிடலாம். நான் எழுதியதிலும் எதை வேண்டுமானாலும் வெட்டலாம். கீழே உள்ளதை மட்டும் அப்படியே போட வேண்டும். "நிற்காமல் ஏறியது" என்று எழுதிய அதே கையால் எழுதுகிறேன்.

பழைய படம்: மூன்றாம் முடக்கு. காரைத் தள்ளியவர்கள் ஐந்து ஆண்கள், பெயர் கேட்கப்படவில்லை. சிறிய கைக்கு உரியவர் படத்தில் இல்லை.

புதிய படம்: அதே முடக்கு. கார் நின்றது. தள்ளியவர்கள், இடமிருந்து வலமாக: கருப்பையா விஜயகுமார், அந்தோனி மேரி, மாரிமுத்து பேச்சாயி, ராமையா செல்லத்துரை, பெருமாள் தவமணி.