ரோஸ் சிரப்பும் கழுவிய டியூபும்

மெத்தனால் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது...

தொண்ணூறுகளின் கடைசி. புக்கிட் பெருவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் தண்ணீர் சோதிக்கும் லேப். பத்தொன்பது வயதில் எனக்கு முதல் வேலை. செய்த சேட்டைக்கு அங்கே வைத்த பெயர் 'வாலு'.

விரல் நீள பிளாஸ்டிக் டியூப். உள்ளே வெள்ளைப் பாலிமர் பொடி, ஒவ்வொரு துகளிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். தண்ணீரை விட்டால் தண்ணீர் ஓடிவிடும், பூச்சிமருந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு மெத்தனால் ஊற்றி அந்த மருந்தை இறக்கி மெஷினில் கொடுப்போம்.

ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டும். பெட்டியிலேயே போட்டிருக்கும்.

சூப்பர்வைசர் குமார் அண்ணனோ கழுவிக் கழுவித் தருவார்.

"இன்னும் நல்லாத்தானே இருக்கு லா."

டியூபுக்குத் தினமும் குளியல்... தண்ணீருக்குத்தான் சோதனை இல்லை.

ஒருநாள் என் அத்தை வாழ்ந்த எஸ்டேட்டின் கிணற்றுத் தண்ணீர் வந்தது. பூச்சிமருந்து அடித்த பிறகு லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்கு ஓயாத வாந்தியாம். நான்தான் சோதித்தேன், கழுவிய டியூபில். மருந்து இல்லை என்று வந்தது. கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட் பேக்ஸில் போனது.

மறுநாள் மனசு கேட்கவில்லை. ரோஸ் சிரப் கலந்த தண்ணீரைப் புது டியூபில் விட்டேன். சாயமெல்லாம் பொடியில் நின்று, தெளிந்த தண்ணீர் சொட்டியது. அந்தப் பழைய டியூபில் விட்டேன்... முதல் சொட்டே ரோஸ்.

"ஒண்ணுமே நிக்கல அண்ணே. மருந்தும் இப்படித்தான் ஓடியிருக்கும். மறுபடி டெஸ்ட் பண்ணுவோம்."

"போன வாரம் என் மோட்டார் சீட்ல மாவு தடவுனது யாரு?"

"நான்தான். அது வேற அண்ணே."

"உனக்கு எல்லாமே விளையாட்டு. போடா வாலு."

மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீரை என் கண்முன்னே சிங்கில் கொட்டினார்.

சாயங்காலம் அத்தை வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை விரட்டினேன்.

"அந்தத் தண்ணிய குடிக்காதீங்க அத்தை."

"தண்ணி நல்லதுன்னு ஆபீஸ் சுவத்துல பேப்பர் ஒட்டிட்டாங்களேடா. உன் கையெழுத்துன்னு எல்லார்ட்டயும் காட்டினேன்."

குடத்தை எடுத்து வாசலில் கவிழ்த்தேன். அத்தை சிரித்தார்.

"உன் சேட்டைக்கு அளவே இல்ல."

காலிக் குடத்தோடு மறுபடி கிணற்றுக்கே நடந்தார்.

இப்போது நான் இருக்கும் லேபில் ஒரு தடவை பயன்படுத்திய டியூப் நேரே குப்பைக்கு. அதற்காக யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. குமார் அண்ணன் மேல் இருந்த கோபம்கூடப் பாதி ஆறிவிட்டது.

அந்த வாலு மேல்தான் ஆறவில்லை... சிரப்பை ஒருநாள் முன்னாடி ஊற்றியிருந்தால் அந்தக் கையெழுத்தே விழுந்திருக்காது.