குடி என்றே சொல்லிவிட்டுப் போ

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்த புதிதில்தான் என் வலது கையைக் கவனித்தேன்.

அங்கே ஒவ்வொரு ஷிப்டும் பாதுகாப்பு உறுதிமொழியோடு தொடங்கும். முறை வைத்து ஒருவர் முன்னால் நின்று, வலது கையை நீட்டி வரி வரியாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். என் முறை வந்த அன்று நீட்டிய கை முழங்கை வரை ஆடியது. தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"இன்னா நைனா, நேத்து ஓவரா?" என்றார் பின்வரிசையில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

காலையில் கை நடுங்கினால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் குடிப்பவன் இல்லை. ஆனால் அதைச் சொல்லவும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டுமே.

அதன்பின் என் முறை வரும்போதெல்லாம் வயிற்றுவலி என்றும் பஸ் வரவில்லை என்றும் சொல்லித் தப்பித்தேன். ஒளிய ஒளிய பயம் வளர்ந்தது. கேன்டீனில் எதிரே ஆள் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. நான் குடிக்கிறேன் என்ற சேதி எஸ்.டி.டி. பூத் வழியாக ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கும் போய்விட்டது. விடுமுறையில் போனபோது, சோறு போடும் சாக்கில் குனிந்து அம்மா என் வாயை முகர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; என்னை நம்பித்தான் வீடே இருந்தது.

இதய நோயாக இருக்கும் என்று நினைத்து டாக்டரிடம் போனேன். இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி, திருவள்ளூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த டாக்டர் அம்மா, தனியாக இருக்கும்போது கை ஆடுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"இது உன் குணம் இல்ல தம்பி. நோய். இதுக்குப் பேரும் இருக்கு, வைத்தியமும் இருக்கு."

சமூகப் பதற்றக் கோளாறு (பிறர் பார்வை படும்போது அதையே பெரிய ஆபத்தாக எண்ணி உடல் பதறுவது) என்றார். மாத்திரையோடு எதிர்கொள்ளும் பயிற்சியும் (பயப்படும் காரியத்தைச் சிறியதிலிருந்து தொடங்கிப் பழகுவது) கொடுத்தார். டீக்கடையில் கூட்டத்துக்கு நடுவே, "சக்கரை கம்மியா" என்று சத்தமாகக் கேட்பது முதல் பாடம். சிரிக்காதீர்கள். அதற்கே வியர்வையில் சட்டை நனைந்தது.

இதற்குள் பணி நிரந்தரம் பற்றிய பேச்சு வந்தது. குடிப்பவனை இயந்திரத்தருகே விட மாட்டார்கள். ஷிப்ட் பொறுப்பாளர் தயாளன் அண்ணன் கூப்பிட்டு, குடிக்கிறாயா என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டேய், குடின்னே சொல்லிட்டுப் போடா. உட்டுட்டேன்னு சொல்லு, நான் பேசிக்கிறேன். மென்ட்டல் டாக்டராண்ட போறேன்னு தெரிஞ்சா எவன்டா பொண்ணு குடுப்பான்?"

நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பாவும் அதையே சொன்னார். குடித்துத் திருந்தியவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. மனநோய் என்றால் மூன்று தலைமுறையைத் துருவுவார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தைத் தவிர வேறொன்று அந்த உடம்பில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. செய்யாததை ஒப்புக்கொண்டால் மனிதன், உள்ளதைச் சொன்னால் பைத்தியமா?

"நான் குடிக்கலண்ணே. எனக்கு நோயி. அதத்தான் சொல்லுவேன்" என்றேன் தயாளன் அண்ணனிடம்.

"அப்ப முன்னாடி வந்து உறுதிமொழி எடு. அங்க நிக்கிற எல்லாராண்டயும் சொல்லு."

என் முறை வந்தது. கையை நீட்டினேன். ஆடியது.

"ஆடும். குடிச்சதால இல்ல. நாலு பேரு பாத்தா ஆடுற நோயி. வைத்தியம் பாத்துக்கினு இருக்கேன். பாக்கறவங்க நல்லா பாத்துக்கங்க."

ஒருவர் சிரித்தார். நான் முதல் வரியைச் சொன்னேன்.

நிரந்தரத்தைத் தள்ளிப்போட்டார்கள், அடுத்த சுற்றில்தான் கிடைத்தது, அதே இயந்திரத்தருகே. இதைப் படிக்கும் உங்களுக்கும், ஒத்துக்கொள்ள வசதியாக ஒரு பொய்யை யாராவது நீட்டுவார்கள். வாங்காதீர்கள்.

கை இன்னும் ஆடுகிறது. இரண்டு வரிக்கு நடுவே குரல் நின்றுபோவதும் உண்டு. முன்பு அந்த நேரம் ஒரு ஷிப்டு போல நீளும். இப்போது நான் கையை இறக்குவதில்லை. எதிரே அத்தனை பேரும் கை நீட்டியபடி நிற்கிறார்கள். நிற்கட்டும். அடுத்த வரி என்னிடம்தான் இருக்கிறது.