எண்ணெய் வைத்த தலையும் உப்புத் தண்ணீர்ப் பஞ்சும்

என் மனைவி கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள். எங்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம். மூடிக் கிடந்தால் மயக்கம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இவள் காலையில் விழிப்பாள், ராத்திரி தூங்குவாள், நடுவில் அந்தப் பார்வை எங்கேயும் நிற்காது. சுவர் மேலே போகிற மாதிரியே நம் முகத்தின் மேலும் போய்விடும்.

ஒரகடம் ரோட்டில் அவள் கம்பெனி வேனை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் தாண்டும்போது ஒரு வண்டி இடித்துவிட்டது. மண்டை உடையவில்லை, உள்ளே மூளை அதிர்ந்துபோனது. மேல் காயமெல்லாம் ஆறி மாதங்கள் ஓடிவிட்டன. ஒருநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். முழிப்பு இருக்கிறது, உள்ளே உணர்வு இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. கத்தியும் ஊசியும் இல்லாமல், தலைக்கு வெளியிலிருந்தே லேசாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்கலாம். சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிகிறது, பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் வழி என்றார்.

கரண்ட் என்றதும் ஷாக் அடிக்குமே என்றேன். பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டிதான், ஷாக் அடிக்காது என்று கையில் கொடுத்தே காட்டினார். குன்றத்தூர் மலை ஏறி முருகனிடம் சொல்லிவிட்டு வந்துதான் சம்மதம் சொன்னேன்.

உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு இரண்டு. ஒன்றை இடது பக்கம் முடி தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே வைப்பார்கள், இன்னொன்றை வலது புருவத்துக்கு மேலே. ரப்பர் பட்டை போட்டுக் கட்டிப் பெட்டியைத் தட்டிவிட்டால் அவ்வளவுதான். ஆனால் முதல் நாளிலிருந்தே அது ஓட மாட்டேன் என்றது. கொஞ்ச நேரத்தில் பீப் பீப் என்று கத்தி நின்றுவிடும். தெரப்பிஸ்ட் பொண்ணு, தெற்கேயிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பொண்ணு, துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கும். மறுபடியும் கத்தும்.

பிள்ளைப்பாக்கத்திலிருந்து வந்து மகளோடு கூட இருந்த என் மாமியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். சாமிக்கே பிடிக்கவில்லை, அதனால்தான் கத்துகிறது, வேண்டாம் விடுங்கள் மாப்ளே என்றார். எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றியது.

பிறகுதான் காரணம் தெரிந்தது. தினமும் விடிந்ததும் அத்தை தன் மகள் தலையில் தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்து வாரிவிட்டிருக்கிறார். அதன் மேல் நான் நெற்றி நிறையத் திருநீறு பூசுவேன். தெரப்பிஸ்ட் பொண்ணு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "எண்ணெ இருந்தா கரண்டு ஏறாதும்மா, மிஷினே நின்னுரும். இந்தப் பத்து நாளைக்கி வைக்காதிய. திருநீற கட்டு அவுத்த பொறவு பூசுங்க சார்" என்றது.

அத்தை முகம் இறுகிவிட்டது.

"எம் பொண்ணு இன்னா செத்தா பூட்டா? காஞ்ச தலையோட போட்டு வெக்க?"

எங்கள் பக்கம் தலைக்கு எண்ணெய் படாமல் கிடப்பது சாவு வீட்டில்தான். அந்தப் பொண்ணுக்கும் தெரிந்திருக்கும். அது கோபப்படாமல் பஞ்சை நனைத்துக்கொண்டே நின்றது. கொஞ்சம் கழித்து அத்தையே, கிண்ணத்தில் என்ன என்று கேட்டார். உப்புத் தண்ணி என்றது.

"கல்லுப்பா?"

பொண்ணு சிரித்துவிட்டு, பாட்டிலில் வருகிற ஆஸ்பத்திரி உப்புத் தண்ணிதான், உப்பு உப்புதானே என்றது. சாயங்காலம் ஆனால் மகளுக்கு உப்பு சுற்றிப் போடுகிறவர் அத்தை. குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார். விரலை விட்டு நாக்கில் வைத்தும் பார்த்தார்.

"உப்பு கெடுதல் பண்ணாது. குடு, நா நனைக்கிறேன். பின்னல் நுனியில மட்டும் எண்ண வெச்சுக்கலாமா?"

நுனிக்குப் பரவாயில்லை என்றது பொண்ணு. மறுநாள் காலையில் நான் பேசின் பிடிக்க, அத்தை படுக்கையிலேயே மகள் தலையைச் சீயக்காய் போட்டு அலசினார். அன்றிலிருந்து பெட்டி கத்தவில்லை. அது ஓடுகிற நேரம் முழுக்க நான் கால்மாட்டில் நின்று முருகா முருகா என்றிருப்பேன். பஞ்சு காய்ந்துவிடுமோ என்று அத்தை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாள் போனதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குக் கட்டில் வாங்க விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

டாக்டரம்மா சோதிக்கும்போது ஒரு கைக்கண்ணாடியை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துவார். கண்ணாடி போகும், கண் அங்கேயே நிற்கும். ஒருநாள் கண்ணும் கூடவே போனது. டாக்டரம்மா மறுபக்கம் நகர்த்தினார். அங்கேயும் போனது. மேலே, கீழே, திரும்பவும் முதலிலிருந்து. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்.

"இது கரண்டாலதான்னு நான் சொல்ல மாட்டேன். தானாவும் வந்திருக்கலாம். இதுக்கு மேல எவ்ளோ வரும்னும் தெரியாது. ஆனா பாக்கறாங்க. இனிமே அவங்கள வெச்சுக்கிட்டுப் பேசறப்ப பாத்துப் பேசுங்க."

அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அந்தக் கட்டில் பக்கத்தில் நாங்கள் என்னென்னவோ பேசியிருக்கிறோம்.

சாமியா, கரண்டா என்று எங்கள் ஊர் வடக்குப்பட்டில் இன்றைக்கும் கேட்கிறார்கள். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அந்தப் பொண்ணுக்கு எங்கள் மேல் கோபம் வராமல் இருந்ததே, அதையும் சேர்த்துத்தான் முருகனுக்கு விளக்கு ஏற்றுகிறேன்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். பேச்சு வரவில்லை. சாப்பாடு இன்னும் குழாய் வழியாகத்தான். ஆனால் யார் நடந்தாலும் கண் கூட வருகிறது. ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அவள் பார்வை படுகிற இடத்தில் நின்று, எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். முந்தாநாள் அப்படி நின்றபோது அத்தை அவளிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உம் புருசன் வெச்ச ரசம் கீதே, நீ குடிக்காம தப்பிச்சுக்கினடி."

அவள் கண் அம்மாவை விட்டு மெதுவாக என் பக்கம் திரும்பியது. பதில் சொல்லாமல் போனால் தப்பாகிவிடும். ரசம் நல்லாத்தான் இருந்துச்சு என்று அவளிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.